புரிஞ்சுது மிஸ்

இலஞ்சி
8 ஜூலை 2025

அன்புள்ள ஸ்ரீவித்யா மிஸ்ஸுக்கு,

முதலில் ஒன்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். உங்கள் கம்பெனியிலும் வேண்டாம், எங்கள் பள்ளிக்கூடத்திலும் வேண்டாம். போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். வாசித்ததும் கிழித்துப் போட்டால் எனக்கு நிம்மதி.

என் பெயர் இசக்கிசெல்வி. தென்காசியில் நீங்கள் கம்பெனி மூலம் ஆன்லைனில் திரை வழியே இயற்பியல் நடத்தும் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறேன். உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்காது. எங்கள் வகுப்பில் கேமராவைப் பின்சுவரில் மாட்டியிருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிவதெல்லாம் எங்கள் சடையும் ரிப்பனும், பையன்களின் பின்னந்தலையும்தான். எங்கள் முகத்தை நீங்கள் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

மிஸ், எங்களுக்குப் பாடம் புரியவில்லை. கொஞ்சம் புரியவில்லை என்று சொன்னால் அது பொய். ஜூன் மாதத்தில் இருந்து எதுவுமே புரியவில்லை.

நீங்கள் ஒவ்வொரு பத்தியும் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்கிறீர்கள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து "புரிஞ்சுது மிஸ்" என்கிறோம். நீங்கள் சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறீர்கள். போன வாரம் "எனக்கு இருக்கும் பள்ளிகளிலேயே தென்காசிதான் பெஸ்ட்" என்று சொன்னீர்கள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நாங்கள் உங்களை ஏமாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. ஏழாம் வகுப்பில் கொரோனா வந்தபோது போனில் படித்தோம் இல்லையா, அப்போது படிந்த பழக்கம். போனிலோ திரையிலோ ஒரு குரல் கேள்வி கேட்கிற மாதிரி முடிந்தால் வாய் தானாக "புரிஞ்சுது" என்று சொல்லிவிடுகிறது. கிளாசில் நேரில் நடத்தும் கெமிஸ்ட்ரி மிஸ்ஸிடம் அப்படிச் சொல்லமாட்டோம். அவரிடம் சண்டையே போடுவோம்.

போனில் பேசலாம் என்றால் வீட்டில் அப்பாவின் போன் மட்டும்தான். அப்பா எங்கள் பள்ளிக்கூட வேன் டிரைவர். பெயர் கடற்கரை. அந்தப் போனில் பள்ளிக்கூட குரூப் எல்லாம் இருக்கிறது. நான் குறை சொன்னேன் என்று தாளாளர் சாருக்குத் தெரிந்தால் அப்பாவுக்கு வேலை இருக்காது. திரை வாங்கியதில் சாருக்கு அவ்வளவு பெருமை.

உங்கள் கம்பெனி தந்த பாடப் புத்தகத்தின் பின்னட்டையில் இருந்த முகவரிக்கு உங்கள் பெயர் போட்டு அனுப்புகிறேன். தைரியம் எப்படி வந்தது தெரியுமா? ஒருநாள் பாடத்துக்கு நடுவில் நீங்கள் அந்தப் பக்கம் திரும்பி யாரையோ, "ஏட்டி, அங்கன போய் விளையாடு" என்றீர்கள். வகுப்பே சிரித்தது. நம்ம பக்கத்துக்காரங்க என்று நினைத்துக்கொண்டேன்.

தயவுசெய்து "புரிஞ்சுதா" என்று கேட்காதீர்கள். வேறு ஏதாவது கேளுங்கள்.

பதில் எழுதினால் என் வீட்டுக்கு வேண்டாம். என் தோழி சனோபருடைய அம்மா தையல் கடை வைத்திருக்கிறார்கள். அந்த முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
இசக்கிசெல்வி

*

சென்னை
14 ஜூலை 2025

இசக்கிசெல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. யாரிடமும் காட்டவில்லை.

உண்மையைச் சொன்னால் முதலில் கோபம்தான் வந்தது. ஒன்றரை மாதமாகத் தினமும் தொண்டை வறளப் பேசுகிறேன். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் உங்கள் பள்ளியில் இருந்து ஐந்து நட்சத்திரம் வருகிறது. "குட் கிளாஸ் மேம்" என்று சாட்டில் எழுதுகிறீர்கள். நீ சொல்வதை நம்புவதா, அதை நம்புவதா?

யாராவது சொல்லி இதை எழுதினாயா? இந்த வேலையில் அதுவும் நடக்கும். கேட்டதற்கு வருத்தப்படாதே.

சந்தேகம் இருந்தால் சாட்டில் டைப் செய்திருக்கலாம். மைக்கில் சொல்லியிருக்கலாம். கேட்க வழி இல்லாமல் நான் பாடம் நடத்தவில்லை. எந்த இடத்தில் விட்டுப்போனது என்று ஒரே ஒரு இடம் சொல். எல்லாமே புரியவில்லை என்றால் என்னால் எதுவும் செய்ய முடியாது.

நான் வாசுதேவநல்லூர்க்காரி. அது என் மகள். வீட்டில் இருந்தே பாடம் எடுப்பதால் அப்படி ஆகிவிடுகிறது.

இனி கம்பெனிக்கு எழுதாதே. என் வீட்டு முகவரி உறையின் பின்னால் இருக்கிறது.

ஸ்ரீவித்யா

*

இலஞ்சி
18 ஜூலை 2025

மிஸ்ஸுக்கு,

யாரும் சொல்லி எழுதவில்லை. எனக்கு எழுதத் தெரியும்.

சாட்டில் டைப் செய் என்கிறீர்கள். மிஸ், எங்கள் வகுப்பில் கம்ப்யூட்டர் யார் கையில் இருக்கிறது தெரியுமா? ஆபீஸ் பாண்டி அண்ணன் கையில். அவர்தான் லாகின் போடுவார், வயரைச் சொருகுவார், வகுப்பு முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்து ரசீது கிழிப்பார். "குட் கிளாஸ் மேம்" எழுதுவதும் அவர்தான். ஐந்து நட்சத்திரம் அமுக்குவதும் அவர்தான். ஒருநாள் சனோபர் கேட்டாள், "எண்ணே, எங்களக் கேக்காம அமுக்குதீங்களே." அவர் சொன்னார், "நாலு அமுக்கினா ஏன் ஒண்ணு குறைச்சலுன்னு கேட்டு இன்னொரு பக்கம் வருது பிள்ள. அதை யாரு டைப் அடிக்க?"

மைக் திரைக்குக் கீழே மேசையில் இருக்கிறது. பேச வேண்டும் என்றால் எழுந்து எல்லோருக்கும் முன்னால் நடந்து போக வேண்டும்.

நான் ஏன் பயப்படுகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நம்புவீர்கள்.

கொரோனா சமயத்தில் எங்கள் தெருவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எல்லாம் சேர்த்து அப்பாவின் போன் ஒன்றுதான். வேன் ஓடாமல் ஷெட்டில் நின்றது. காற்று வரட்டும் என்று கதவைத் திறந்து வைத்து, போனை டிரைவர் சீட்டில் சாய்த்து வைத்துவிட்டு நாங்கள் பின்சீட்டில் உட்கார்ந்து படிப்போம். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. கணக்கு வகுப்பு முடியும்போது கிட்டத்தட்ட தீர்ந்துவிடும். சாயங்காலம் அறிவியல் இருக்கும்.

எனக்குப் பின்னம் புரியாது. "மிஸ், இன்னொரு தடவை" என்று கேட்பேன். மிஸ் முதலில் இருந்து சொல்வார். அறிவியல் நடக்கும்போது படம் நின்றுவிடும். மூன்று நாள் இப்படி ஆனது. நாலாவது நாள் வேனுக்குப் போனால் எங்கள் தெரு மணிமுத்து கதவை மூடிக்கொண்டு, "நீ கேட்டுக் கேட்டே நெட்டத் தின்னுருத. புரிஞ்சுதுன்னு சொல்லுததா இருந்தா மட்டும் ஏறு" என்றான். எங்கள் அப்பா ஓட்டும் வேன். எங்கள் அப்பாவின் போன். நான் புரிஞ்சுது என்று சொல்லி ஏறினேன்.

அன்றைக்கு எல்லோரும் என்னிடம் நன்றாக இருந்தார்கள். அதற்குப் பிறகு அந்த இரண்டு வருடமும் யாரும் எதையும் கேட்டதில்லை. சீக்கிரம் புரிகிறவள்தான் நல்லவள் என்று ஆகிவிட்டது. இப்போது நெட் தீராது, பள்ளிக்கூடத்தில் வயர் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் திரை வகுப்பில் யாராவது கை தூக்கினால் எல்லோரும் திரும்பி அவளை அந்த மாதிரிதான் பார்க்கிறார்கள்.

ஒரு இடம் கேட்டீர்கள். கிர்ச்சாஃப் இரண்டாம் விதி. மின்சுற்று வளையத்தைச் சுற்றி வரும்போது எங்கே கூட்டல், எங்கே கழித்தல்? நீங்கள் பலகையில் பச்சை மையில் அம்பு போட்டீர்கள். நாங்கள் அம்பை அழகாக வரைந்து வைத்திருக்கிறோம்.

செல்வி

*

சென்னை
23 ஜூலை 2025

அன்புள்ள செல்வி,

சந்தேகப்பட்டதற்கு மன்னித்துக்கொள்.

முதலில் உன் கேள்வி. குற்றாலத்தில் மெயின் அருவியில் இருந்து செண்பகாதேவிக்கு ஏறும் பாதை உனக்குத் தெரிந்திருக்கும். கீழே ஒரு பாறையில் செருப்பை விட்டுவிட்டுப் புறப்படுகிறாய் என்று வைத்துக்கொள். எந்த வழியில் போனாலும் சரி, கடைசியில் செருப்புக்கே திரும்பி வந்துவிட்டால், ஏறிய உயரம் முழுவதையும் இறங்கித்தான் இருக்க வேண்டும். மீதி இருக்க முடியாது. விதி அவ்வளவுதான்.

பேட்டரியில் மைனஸில் நுழைந்து பிளஸில் வெளியே வந்தால் நீ ஏறுகிறாய். மின்தடையில், மின்னோட்டம் போகும் பக்கமே நீயும் போனால் இறங்குகிறாய். ஓடை போகும் பக்கம் நடந்தால் பள்ளத்துக்குத்தானே போவோம்? மின்னோட்டத்துக்கு எதிரே நடந்தால் ஏறுகிறாய். ஏறினால் கூட்டு, இறங்கினால் கழி, செருப்புக்கு வந்ததும் பூஜ்யம். அம்புக்கு முன்னால் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் பச்சை மையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இனி என் பக்கம். நீங்கள் போனில் படித்த அந்த வருடம்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். நேரில் ஒரு வகுப்புகூட எடுக்காமல் நேராகத் திரையில் ஆரம்பித்தேன். நாற்பது கறுப்புக் கட்டங்கள். ஒரு சத்தமும் இருக்காது. அந்த அமைதி எனக்குப் பயமாக இருக்கும், கிணற்றுக்குள் பேசுவதுபோல. அதனால் கேள்வி கேட்டுவிட்டு பதிலுக்கு நிற்கமாட்டேன், நானே பேசி நிரப்பிவிடுவேன். "புரிஞ்சுது மிஸ்" என்று உங்கள் வகுப்பு ஒரே குரலில் சொன்னபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? அது உண்மையா என்று பார்க்க நான் விரும்பவில்லை.

வரும் திங்கட்கிழமை "புரிஞ்சுதா" என்று கேட்கமாட்டேன். "எந்த வரியில் விட்டுப்போனது" என்று கேட்பேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பேன். யாராவது பேசும்வரை நான் பேசமாட்டேன். உன் பெயரை நான் சொல்ல முடியாது, சொன்னால் கடிதம் போவது தெரிந்துவிடும். நீயாகத்தான் எழுந்து வர வேண்டும்.

ஸ்ரீவித்யா

*

இலஞ்சி
29 ஜூலை 2025

அன்புள்ள மிஸ்,

செருப்புக் கணக்கு புரிந்தது. இதை நிஜமாகத்தான் எழுதுகிறேன். புத்தகத்தில் இருந்த ஐந்து கணக்கைப் போட்டேன், நான்கு சரி. சனோபருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவள், "நான் செருப்பைத் தொலச்சுட்டா என்ன செய்ய?" என்று கேட்டுவிட்டுச் சரியாகப் போட்டாள்.

ஆனால் நேற்று நடந்தது உங்களுக்குத் தெரியும். பாதிதான் தெரியும். இங்கே என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

நீங்கள் கேட்டுவிட்டு அசையாமல் எங்களையே பார்த்தீர்கள். முதலில் வழக்கம்போல இரண்டு பேர் "புரிஞ்சுது மிஸ்" என்றார்கள். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஃபேன் சத்தம் கேட்டது. நான் பெஞ்சில் இருந்து எழுந்துவிட்டேன் மிஸ், சத்தியமாக. ஒரு கால் வெளியே வைத்துவிட்டேன்.

அப்போது பாண்டி அண்ணன் ரசீதில் இருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். "ஐயோ, மிஸ்ஸு அப்படியே நின்னுட்டாங்க. நெட்டு போச்சு" என்று சொல்லி வயரைப் பிடுங்கிவிட்டார். திரை அணைந்தது. வகுப்பு முழுக்கச் சிரிப்பு. மறுபடி போட்டு நீங்கள் வருவதற்குள் மணி அடித்துவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது, வீட்டுக்கு வந்து அழுதேன். இத்தனை வருடத்தில் திரையில் ஒருவர் எங்களுக்காகக் காத்திருந்ததை நாங்கள் பார்த்ததே இல்லை. நின்றுபோனால் கோளாறு என்றுதான் எங்களுக்குத் தெரியும்.

இன்னொரு தடவை செய்யுங்கள். இந்த முறை அவர் வயரைத் தொடுவதற்குள் நான் போய்விடுவேன்.

செல்வி

*

சென்னை
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள செல்வி,

உங்கள் கட்டம் கறுத்ததும் நீங்கள் என்னைத் துரத்திவிட்டீர்கள் என்றே நினைத்தேன். கடிதத்தைப் பார்த்துத்தான் உயிர் வந்தது.

கம்பெனியில் கூப்பிட்டுக் கேட்டார்கள், பாடத்தின் நடுவில் ஏன் பேச்சு இல்லாமல் கிடந்தது என்று. வகுப்பின் வீடியோ பதிவைப் பார்க்கிறார்கள். யோசிக்க நேரம் கொடுத்தேன் என்றேன். யோசிப்பதை வீட்டுப்பாடமாகக் கொடுங்கள் என்றார்கள். இன்னொரு முறை செய்தால் உங்கள் பள்ளியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். எனக்கும் பயம் இருக்கிறது, உன்னிடம் மறைக்கவில்லை.

ஆனாலும் செய்கிறேன். வியாழக்கிழமை. இந்த முறை கையில் காபி வைத்துக்கொள்கிறேன். குடித்துக்கொண்டே காத்திருப்பேன். உங்கள் பாண்டி அண்ணனுக்கு நான் அசைவது தெரியட்டும்.

உன் அப்பாவை நினைத்தால் எனக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து வர முடியாவிட்டால் வராதே. நான் உன்னைத் தப்பாக நினைக்கமாட்டேன்.

ஸ்ரீவித்யா

*

இலஞ்சி
8 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மிஸ்,

நேற்று நான் மைக்கில் பேசியது உங்களுக்குக் கேட்டது. அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. இன்றைக்கு எங்கள் வகுப்புக்குத் திரை போடவில்லை, அதனால் பயந்திருப்பீர்கள். எல்லாம் எழுதிவிடுகிறேன். உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் காபியைக் கையில் எடுத்ததும் பாண்டி அண்ணன் வயரிடம் போனார். சனோபர் சொன்னாள், "எண்ணே, காப்பி குடிக்காங்க. நெட்டு இருக்கு." அவர் உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்து நடந்தேன். மேசை அவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மைக்கைப் பிடித்ததும் வாய் "புரிஞ்சுது" என்றுதான் சொல்ல வந்தது மிஸ். பல்லைக் கடித்துக்கொண்டு, "புரியல மிஸ்" என்றேன். "வீட்ஸ்டோன் பாலத்துல நடுவுல ஏன் மின்னோட்டம் போகாதுன்னு புரியல."

நீங்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நல்லது. வேற யாருக்கு?" என்றீர்கள். அந்த "நல்லது" என்னை நிற்க வைத்தது. சனோபர் உட்கார்ந்த இடத்தில் இருந்தே "எனக்கும்" என்று கத்தினாள். பின்வரிசையில் மணிமுத்து எழுந்து, "எனக்கு முதல் பாடத்துல இருந்தே புரியல" என்றான். வேன் கதவை மூடியவன்தான். பிறகு ஒவ்வொரு பெஞ்சாக எழுந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

மதியம் தாளாளர் வைத்தீஸ்வரன் சார் என்னைக் கூப்பிட்டார். அவர் திட்டவில்லை. சாந்தமாகத்தான் பேசினார். "கொரோனாவுல ரெண்டு வருஷம் சின்ன போன்லயே படிச்சுப் பாஸானவதானே நீ? இப்ப இவ்வளவு பெரிய திரை, பட்டணத்து டீச்சர். இன்னும் என்னம்மா வேணும்?"

"அப்ப எல்லாரையும் பாஸ் போட்டாங்க சார்" என்றேன்.

"மத்தப் பிள்ளைங்க ஒண்ணும் சொல்லலியே. எல்லாரும் திருப்தியாத்தான் இருக்காங்க."

"யாரும் கேக்கல சார். பாண்டி அண்ணன்தான் அமுக்குதாரு."

அதற்குப் பிறகு அவர் அப்பாவை வரச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டு, சீசன் கூட்டத்தில் குற்றாலம் ரோட்டில் வண்டி நகராமல் நின்றபோதுதான் அப்பா பேசினார். சாரல் விழுந்துகொண்டிருந்தது. வைப்பர் போட்டுவிட்டுச் சொன்னார், "சாவிய வச்சுட்டுப் போன்னு அவரு சொல்லல, தாயி. ஆனா என் கையில இருந்த சாவியவே பாத்துட்டுப் பேசுனாரு."

"என்ன கேக்காரு?"

"விளையாட்டுக்குச் சொல்லிட்டேன், பாடம் நல்லாப் புரியுதுன்னு எழுதித் தரணுமாம். சனிக்கிழமை காலைல நான் கொண்டு போய்க் குடுக்கணும்."

"உங்களுக்கு எப்படிப்பா இருக்கு?"

முன்னால் இருந்த பஸ் நகர்ந்ததும் கியர் போட்டார். இலஞ்சி வந்த பிறகு, "எழுதிக் குடுத்துரு. ஒரு தாள்தான" என்றார். வண்டியை நிறுத்திவிட்டு, "வீட்ஸ்டோன்னா என்னட்டி?" என்று கேட்டார். சொன்னேன். புரியவில்லை என்றார். இன்னொரு தடவை சொன்னேன்.

இன்றைக்கு வகுப்பில் திரை இல்லாத அந்த நேரத்தில் யாரும் வெளியே போகவில்லை. எல்லோரும் என் பெஞ்சைச் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். யாருக்கு எங்கே விட்டுப்போனது என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருத்திக்கு மின்புலக் கோடு. ஒருத்திக்கு மின்தேக்கி. பாதிப் பேருக்கு பின்னமே தெரியாது மிஸ், ஏழாம் வகுப்பில் போனது. என்னை மாதிரி யாரும் இல்லை என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். சனோபர் எழுதினாள். அவரவர் சொன்னதற்குப் பக்கத்தில் அவரவரே கையெழுத்துப் போட்டார்கள். பாண்டி அண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். யாரிடமும் போய்ச் சொல்லவில்லை.

தாளாளர் சார் கேட்ட தாள் இப்போது என் முன்னால் இருக்கிறது. அப்பாவின் வேலையை நினைத்து, "பாடம் நன்றாகப் புரிகிறது" என்ற வரியைப் பென்சிலில் எழுதிப் பார்த்தேன். எழுத எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா? அதனால்தான் அழித்துவிட்டேன். இதை ஒரு தடவை எழுதிவிட்டால் மார்ச் மாதம் பரீட்சைத்தாளிலும் நான் அம்புதான் வரைவேன்.

வேறு எழுதியிருக்கிறேன். "ஐயா, நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்குப் புரியவில்லை. எங்களில் யாருக்கு எங்கே புரியவில்லை என்று இத்துடன் இணைத்திருக்கிறோம். ஸ்ரீவித்யா மிஸ் திரையில் இருக்கட்டும், அவர் நன்றாக நடத்துகிறார். ஆனால் எங்கள் முகத்தைப் பார்க்கிற ஒரு ஆசிரியர் அந்த அறையில் இருக்க வேண்டும். கேமராவை முன்னால் மாட்ட வேண்டும். என் அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. தண்டனை எனக்குக் கொடுங்கள்." பேனாவில்தான் எழுதினேன். கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

மிஸ், இதனால் உங்கள் வேலைக்கு ஏதாவது ஆனால் உடனே எனக்கு எழுதுங்கள். நாங்கள் எல்லோரும் கம்பெனிக்கு

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். "எழுதிட்டியா தாயி?" என்கிறார். எழுதிட்டேன் என்று சொல்லிவிட்டேன். "குடு, வாசிச்சுப் பாக்கேன்" என்கிறார். அவர் வாசிக்கட்டும் மிஸ். புரியாவிட்டால் இன்னொரு தடவை சொல்வேன்.